90 நிமிட டெக்னிக்கல் கிளாஸ் எடுப்பது எப்படி? ஷாப் ஃப்ளோரில் இருக்கிறது பதில்

இரவு 11 மணி. செகண்ட் ஷிப்ட் முடிந்து, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் நேரம். வாலாஜாபாத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்து, தட்டில் கை வைக்கும்போது போன் அடிக்கிறது.

"அண்ணா, லைன் நின்னுடுச்சு. சென்சார்ல லைட் எரியுது, ஆனா மிஷின் சிக்னல் எடுக்க மாட்டேங்குது. சென்சாரை மாத்திடலாமா?"

"இருப்பா, மாத்தாத. பேனல் பக்கம் போய் டெர்மினல்ல எவ்ளோ வோல்ட் வருதுன்னு மொதல்ல பாரு."

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மெயின்டனன்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த உரையாடல் புதிதல்ல. ஒவ்வொரு ஷாப்பிலும் இப்படி ஒரு 'அண்ணன்' இருப்பார். அவர் லீவு போட்டால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பயம் வரும். அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், அவருக்குத் தெரிந்ததும் அவரோடு போய்விடும். ட்ரெய்னிகளும் அப்ரண்டிஸ்களும் ஒரு வருடம், இரண்டு வருடத்தில் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இது சின்ன நஷ்டமில்லை.

இப்போது ஒரு கற்பனை. அந்த அண்ணனுக்குச் சென்னையில் நடக்கும் ஒரு தொழில்நுட்ப மாநாட்டில் 90 நிமிடம் கிளாஸ் எடுக்க வாய்ப்பு வருகிறது. தலைப்பு: 'தொழிற்சாலை ஆட்டோமேஷனில் கோளாறு கண்டறிதல்'. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 60 ஸ்லைடு தயார் செய்கிறார். போய் நன்றாகவே பேசுகிறார். கைதட்டல் கிடைக்கிறது. மொமென்டோ கொடுத்து போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

ஆனால், அன்று கேட்டவர்களில் எத்தனை பேரால் மறுநாள் ஒரு சென்சாரைச் சோதித்து, அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்? அநேகமாக, ஏற்கெனவே தெரிந்தவர்களால் மட்டும்தான்.

ஏன் இப்படி ஆகிறது? அதே கிளாஸை உருப்படியாக எடுப்பது எப்படி? பார்ப்போம்.

பேச்சு வேறு, கிளாஸ் வேறு

மாநாட்டு மேடையில் நடக்கும் எல்லாமே ஒரே வகை கிடையாது. ஹைதராபாத் அருகே ராமச்சந்திரபுரம் பெல் ஆலையில் 1980ல் 'குவாலிட்டி சர்க்கிள்' முறை இந்தியாவுக்கு அறிமுகமானது. 1982ல் இந்தியக் குவாலிட்டி சர்க்கிள் மன்றம் தொடங்கப்பட்டது. இப்போது அதன் சாப்டர் மாநாடு, தேசிய மாநாடு என்று ஆண்டுதோறும் நடக்கின்றன. ஷாப் ஃப்ளோர் தொழிலாளர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து மேடையேறி, தாங்கள் தீர்த்த ஒரு பிரச்னையை விளக்குவார்கள். சாப்டர் அளவில் தமிழிலேயே வழங்கும் அணிகளும் உண்டு. அங்கே நோக்கம், 'நாங்கள் இதைச் செய்தோம்' என்று நடுவர்களிடம் நிரூபிப்பது.

மென்பொருள் உலகத்தின் மாநாடுகளில் பேச்சுக்குத் தனி நேரம், பயிற்சிப் பட்டறைக்குத் தனி நேரம் என்று பிரித்தே வைப்பார்கள். 2009ல் பெங்களூருவில் தொடங்கி, 2019ல் சென்னைக்கும் வந்த 'பைகான் இந்தியா' ஓர் உதாரணம். பேச்சின் வேலை ஆர்வத்தைக் கிளப்புவது. பட்டறைக்கு வருபவர் லேப்டாப்போடு வருகிறார், ஏதாவது ஒன்றைச் செய்யக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்று வருகிறார்.

நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். கிளாஸ் என்று ஒப்புக்கொண்டு, பேச்சைத் தயாரித்துக்கொண்டு போகிறோம்.

இந்த வித்தியாசத்துக்கு எண்களும் இருக்கின்றன. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து, 2014ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. வெறும் விரிவுரை கேட்ட மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, வகுப்பிலேயே செய்து பார்த்துக் கற்றவர்களைவிட சுமார் 1.5 மடங்கு அதிகம் என்றது அது. அவை கல்லூரி வகுப்புகள். அதே ஆட்களை அடுத்த வாரமும் பார்க்கலாம். மாநாட்டு கிளாஸில் அந்த இரண்டாவது வாய்ப்பும் கிடையாது.

நன்றாகத் தெரிந்தவருக்கு ஏன் சொல்லித்தர வருவதில்லை?

"அவருக்கு எல்லாம் தெரியும்பா, ஆனா சொன்னா புரியாது." இப்படி ஒருவரைப் பற்றியாவது நாம் சொல்லியிருப்போம். இது அவருடைய குணக்கோளாறு இல்லை. நன்றாகத் தெரிந்த எல்லோருக்கும் வரக்கூடிய சிக்கல்.

1990ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் நினைத்துக்கொண்டு மேசையில் விரலால் தாளம் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், எதிரில் இருப்பவர் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தார்கள். நடந்தது என்ன? 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை வெறும் 3.

தட்டுபவரின் தலைக்குள் பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு வருவது 'டொக் டொக்' மட்டும்தான். "பிஎன்பி சென்சார்ல அவுட்புட் வரலைன்னா காமனை செக் பண்ணுங்க" என்று அண்ணன் சொல்லும்போதும் இதேதான் நடக்கிறது. அவர் மனதில் முழு சர்க்யூட்டும் இருக்கிறது. கேட்கும் புதுப் பையனுக்கு 'காமன்' என்றால் எது என்றே தெரியாது. கேட்கவும் கூச்சம்.

1940லேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்

இரண்டாம் உலகப் போர் காலம். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேலை தெரிந்தவர்கள் ராணுவத்துக்குப் போக, தொழிற்சாலை வாசலையே பார்த்திராத ஆண்களும் பெண்களும் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சீக்கிரமாகவும் சரியாகவும் வேலை கற்றுத்தர, 'ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டத்தை 1940ல் அமெரிக்க அரசு தொடங்கியது. அதில் ஒரு பகுதி 'ஜாப் இன்ஸ்ட்ரக்‌ஷன்', அதாவது வேலை தெரிந்தவர்களுக்கு, அதைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் பயிற்சி. மொத்தமே 10 மணி நேரம். தினம் 2 மணி நேரம், 5 நாள்.

அந்தப் பயிற்சியில் ஒரு புகழ்பெற்ற செய்முறை உண்டு. 'ஃபயர் அண்டர்ரைட்டர்ஸ்' முடிச்சு என்று ஒன்று. விளக்கு ஹோல்டருக்குள் வயரின் இரண்டு இழைகளையும் சேர்த்துப் போடும் முடிச்சு. வெளியே யாராவது வயரை இழுத்தாலும், இழுப்பு ஸ்க்ரூவில் விழாமல் முடிச்சே தாங்கிக்கொள்ளும். நம்ம ஊர் எலக்ட்ரீஷியன்களும் பல்பு ஹோல்டரில் வயரை முடிச்சுப் போட்டு விடுவது இதே காரணத்துக்காகத்தான்.

பயிற்சியாளர் முதலில் ஒருவரை அழைப்பார். முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் விளக்குவார். இப்போது போடுங்கள் என்பார். வராது. அடுத்து இன்னொருவரை அழைப்பார். விளக்காமல், செய்து மட்டும் காட்டுவார். அப்போதும் வராது. மூன்றாவதாக ஒருவரை அழைத்து, ஒரு முறைப்படி கற்றுக்கொடுப்பார். அவர் போட்டுவிடுவார். சொல்வது மட்டும் கற்பித்தல் இல்லை, காட்டுவது மட்டும் கற்பித்தல் இல்லை என்பதை அந்தச் சில நிமிடங்களில் எல்லோரும் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

அந்த முறையில் நான்கு படிகள்.

முதல் படி, கற்பவரைத் தயார்படுத்துவது. பதற்றத்தைக் குறைத்து, என்ன வேலை என்று சொல்லி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டு, சரியாகத் தெரியும் இடத்தில் நிறுத்துவது.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு படியாகச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவது. கவனிக்க வேண்டிய இடங்களை அழுத்திச் சொல்வது.

மூன்றாவது, அவரையே செய்ய வைப்பது. பிறகு இன்னொரு முறை, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது.

நான்காவது, தனியாகச் செய்ய விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று காட்டி, அவ்வப்போது பார்த்துக்கொள்வது.

இந்த முறையைச் சுருக்கமாக அச்சடித்துக் கொடுத்த பாக்கெட் அட்டையில் இன்னொரு விஷயமும் இருந்தது. கற்பவருக்கு வரவில்லை என்றால், கற்பித்தவர் இன்னும் கற்பிக்கவில்லை என்று அர்த்தம். பழியை மாணவர் மேல் போடவே முடியாது.

போர் முடிந்ததும் அமெரிக்காவில் திட்டம் மூடப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேர்விட்டது. அங்கிருந்து 'ஸ்டாண்டர்டு ஒர்க்', 'டோஜோ' என்று பல பெயர்களில் உலகம் சுற்றியது. 2010ல் ரெனோ நிஸ்ஸான், 2012ல் டைம்லர் எனப் பெரிய ஆலைகள் ஒரகடத்தில் திறக்கப்பட்ட காலத்தில், இந்த மாதிரி பயிற்சி முறைகள் வாகனத் துறைக்குப் பழகிப்போனவை. நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் லைனுக்கு அனுப்பாமல், டோஜோவில் நிற்கவைத்து போல்ட் முடுக்கச் சொன்னார்களே, அதன் தாத்தாதான் இந்த நான்கு படி.

அதாவது, மாநாட்டில் நல்ல கிளாஸ் எடுக்க நமக்குத் தேவையான முறை ஏற்கெனவே நம் ஷாப் ஃப்ளோரில் இருக்கிறது. மேடை என்றதும் அதை கேட்டிலேயே விட்டுவிட்டு, ஸ்லைடை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறோம்.

தயாரிப்பு 1: ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பேப்பர் எடுங்கள். இந்த வாக்கியத்தை முடியுங்கள்: 'இந்த கிளாஸ் முடிந்ததும், வந்தவர்கள் தாங்களாகவே ________ செய்வார்கள்.'

'புரிந்துகொள்வார்கள்', 'தெரிந்துகொள்வார்கள்' என்று முடித்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு செயல் வேண்டும்.

நம் அண்ணனின் தலைப்பையே எடுப்போம். 'ஆட்டோமேஷனில் கோளாறு கண்டறிதல்' என்பது ஒரு டிப்ளமா பாடம். 90 நிமிடத்துக்கு ஆகாது. அதைச் சுருக்கினால்: '3 வயர் ப்ராக்ஸிமிட்டி சென்சார் வேலை செய்யாதபோது, கோளாறு சென்சாரிலா, வயரிலா, பிஎல்சி பக்கமா என்று மல்டிமீட்டரை வைத்து அவர்களே சொல்வார்கள்.'

இது சின்னதாகத் தெரியலாம். 'இவ்ளோதானா?' என்று நமக்கே கூச்சமாக இருக்கும். ஆனால், மாநாட்டுக்கு வரும் ஒரு ஜூனியர் இன்ஜினியருக்கு, திங்கட்கிழமை ஷிப்டில் உதவப் போவது இதுதான். தலைப்பிலும் அறிமுகக் குறிப்பிலும் இதையே எழுதுங்கள். யார் வரலாம், என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். 'மல்டிமீட்டரைத் தொட்டிருந்தால் போதும்' என்ற ஒரு வரி பாதிக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

தயாரிப்பு 2: வேலையை உடைத்து எழுதுங்கள்

அடுத்தது பிரேக்டவுன் ஷீட். மூன்று பத்தி போடுங்கள்: என்ன செய்வது, எதைக் கவனிப்பது, ஏன். சென்சார் வேலைக்கு அது இப்படி வரும்.

படி 1: வயரை அடையாளம் காண்பது. பிரவுன் பிளஸ் 24 வோல்ட், ப்ளூ ஜீரோ வோல்ட், கறுப்பு சிக்னல். கவனிக்க: நிறத்தை மட்டும் நம்பாமல் சென்சார் மேலிருக்கும் படத்தையும் பாருங்கள். ஏன்? நடுவில் யாராவது வேறு நிற வயரில் ஜாயின்ட் போட்டிருக்கலாம்.

படி 2: சப்ளை பார்ப்பது. பிரவுனுக்கும் ப்ளூவுக்கும் நடுவில் 24 வோல்ட் வருகிறதா? கவனிக்க: மீட்டர் டிசி வோல்ட்டில் இருக்க வேண்டும், சிவப்பு ப்ரோப் வோல்ட் துளையில் இருக்க வேண்டும். ஏன்? ஆம்பியர் துளையில் இருந்தால் நீங்களே ஷார்ட் செய்துவிடுவீர்கள்.

படி 3: சிக்னல் பார்ப்பது. பிஎன்பி வகை என்றால், இரும்புத் துண்டை முன்னால் காட்டும்போது கறுப்புக்கும் ப்ளூவுக்கும் நடுவில் ஏறக்குறைய 24 வோல்ட் வரும். எடுத்துவிட்டால் போய்விடும். கவனிக்க: காட்டியும் எடுத்தும் இரண்டு தடவையும் அளங்கள். ஏன்? எப்போதும் 24 காட்டுகிற சென்சாரும் கெட்டுப்போனதுதான்.

படி 4: அதே அளவை பிஎல்சி டெர்மினலில் எடுப்பது. சென்சார் பக்கம் 24 வந்து, டெர்மினலில் வரவில்லை என்றால் நடுவில் வயரோ கனெக்டரோ போயிருக்கிறது. டெர்மினல் வரை வந்தும் இன்புட் லைட் எரியவில்லை என்றால் பிஎல்சி பக்கம் பார்க்க வேண்டும். ஏன் இந்தப் படி? இதைச் செய்யாமல்தான் நல்ல சென்சாரைக் கழற்றிப் போடுகிறோம்.

முதலில் வந்த ராத்திரி போனை நினைத்துப் பாருங்கள். சென்சாரில் லைட் எரிகிறது, மிஷின் எடுக்கவில்லை. மூன்றாவது, நான்காவது படி தெரிந்த பையனுக்கு அந்த போன் தேவையே இல்லை.

நான்கு படியோடு ஏன் நிறுத்த வேண்டும்? மனிதர் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடியது 7 விஷயம் போல என்று 1956ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001ல் நெல்சன் கோவன் அதை மறுபடி அலசி, 4 என்பதே சரியாக இருக்கும் என்றார். படிகள் அதற்கு மேல் போனால், அது இன்னொரு கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஷீட்டை எழுதும்போது ஒன்று நடக்கும். 'ஏன்' பத்தியில் சில இடங்களில் பேனா நின்றுவிடும். "இது எப்பவும் இப்படித்தான் செய்வோம்" என்று மட்டும் தோன்றும். அந்த இடங்களைத்தான் கிளாஸுக்கு முன் நீங்கள் படிக்க வேண்டும்.

தயாரிப்பு 3: 90 நிமிடத்தைப் பங்கு போடுங்கள்

பேசுவதற்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். அவர்கள் கை வேலை செய்ய எவ்வளவு நேரம் என்று தொடங்குங்கள். ஒரு மாதிரித் திட்டம்:

முதல் 10 நிமிடம்: லைன் நின்ற ஒரு சம்பவம். 'இங்கே நீங்கள் முதலில் எதை அளப்பீர்கள்?' என்று கேள்வி. மேசையில் எல்லோருக்கும் சாமான் வந்துவிட்டதா என்று பார்ப்பது.

10 முதல் 20 வரை: செய்து காட்டுவது. முதல் தடவை படிகளை மட்டும். இரண்டாவது தடவை கவனிக்க வேண்டியதோடு. மூன்றாவது தடவை காரணத்தோடு.

20 முதல் 40 வரை: இரண்டு இரண்டு பேராக அவர்கள் செய்வது. ஒருவர் அளக்க, இன்னொருவர் ஷீட்டைப் பார்த்துச் சரிபார்ப்பார். பிறகு மாற்றிக்கொள்வார்கள்.

40 முதல் 50 வரை: என்பிஎன் வகை வந்தால் என்ன மாறும்? அதில் சிக்னல் வயர் ஜீரோ பக்கம் இழுக்கப்படும், எனவே பிரவுனுக்கும் கறுப்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் மட்டும்.

50 முதல் 75 வரை: நீங்கள் முன்கூட்டியே கெடுத்து வைத்த கிட். ஒன்றில் வயர் உள்ளே அறுந்திருக்கும், ஒன்றில் சப்ளை வராது, ஒன்றில் சென்சாரே போயிருக்கும். அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

75 முதல் 85 வரை: இரண்டு மூன்று பேர் எழுந்து, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று மற்றவர்களுக்குச் சொல்வது.

கடைசி 5 நிமிடம்: ஒரு பக்க ஷீட்டைக் கொடுத்து, சந்தேகத்துக்கு எங்கே தொடர்புகொள்வது என்று சொல்வது.

கூட்டிப் பாருங்கள். நீங்கள் மட்டும் பேசுவது 35 நிமிடத்தைத் தாண்டாது. 60 ஸ்லைடுக்கு இதில் இடமில்லை, ஆறு ஏழு போதும். நேரம் இழுத்தால் எதை வெட்டுவது என்றும் முன்பே முடிவு செய்யுங்கள். இந்தத் திட்டத்தில் என்பிஎன் பகுதியை வெட்டலாம். கெடுத்து வைத்த கிட்டை மட்டும் வெட்டக் கூடாது. கற்றுக்கொண்டார்களா என்பது தெரிவதே அங்கேதான்.

ஒத்திகை: இரண்டு பேர் போதும்

கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. விஷயம் தெரியாத இரண்டு பேர் வேண்டும். ஐடிஐ முடித்த தம்பி, பக்கத்து லைன் ட்ரெய்னி, யாராவது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வராண்டாவில் உட்கார வைத்து, அதே சாமானோடு முழு கிளாஸையும் எடுங்கள். பக்கத்தில் வாட்ச் இருக்கட்டும்.

அவர்கள் எங்கே நெற்றியைச் சுருக்குகிறார்கள் என்று பாருங்கள். "அண்ணா, காமன்னா எதுண்ணா?" என்று ஒரு கேள்வி வந்தால், மாநாட்டில் 20 பேர் கேட்காமல் விட்டிருக்கக்கூடிய கேள்வி அது. ஷீட்டைத் திருத்துங்கள். 10 நிமிடம் என்று நினைத்தது 20 நிமிடம் ஆகியிருக்கும். அதையும் திருத்துங்கள்.

அன்றைக்கு அரங்கில் என்ன செய்வது?

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். ப்ளக் பாயின்ட் எத்தனை, எந்த மேசைக்கு வயர் எட்டும் என்று பாருங்கள். 24 வோல்ட் பவர் சப்ளையின் 230 வோல்ட் பக்கம் மூடியிருக்க வேண்டும், யார் கையும் படக் கூடாது. வைஃபை கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டு, தேவையானதை பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரெதிராக நின்று காட்டாதீர்கள். உங்கள் வலது கை அவர்களுக்கு இடது பக்கம் தெரியும். நான்கு படி முறையில், 'சரியாகத் தெரியும் இடத்தில் நிறுத்து' என்று சொன்னது இதனால்தான். பெரிய அரங்கு என்றால் ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி, உங்கள் கையை மேலிருந்து ஸ்க்ரீனில் காட்டுங்கள்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். நம்ம ஊரில் இதற்கு ஒரே பதில்தான், தலையாட்டல். அதற்குப் பதில், ஆளுக்கு இரண்டு நிற ஒட்டுத்தாள் கொடுங்கள். முடித்துவிட்டால் பச்சையையும், மாட்டிக்கொண்டால் சிவப்பையும் மேசையில் ஒட்டட்டும். விஞ்ஞானிகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர 1998ல் தொடங்கிய 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி' பட்டறைகளில் இது வழக்கம். கை தூக்கக் கூச்சப்படுபவரும் ஒரு தாளை ஒட்டிவிடுவார். ஷாப் ஃப்ளோர் ஆட்களுக்கு இது ஆண்டான் லைட் மாதிரி, விளக்கவே வேண்டாம். 30 பேர் வந்தால் சுற்றிப் பார்த்து உதவ இரண்டு பேர் வேண்டும். ஒத்திகைக்கு உட்கார்ந்த அந்தத் தம்பிகளையே கூட்டிப்போகலாம்.

மொழி பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்து டெக்னீஷியன்கள் பலர் மேடையைத் தவிர்ப்பதற்குக் காரணம் இங்கிலீஷ். சென்சார், டெர்மினல், சப்ளை என்று சொற்கள் அப்படியே இருக்கட்டும், வாக்கியம் தமிழில் இருக்கட்டும். தினமும் லைனில் நாம் பேசுவது அப்படித்தானே? வெளிமாநிலத்தவர் கலந்த கூட்டம் என்றால், ஷீட்டை மட்டும் இங்கிலீஷிலும் அடித்துக் கொடுங்கள். கையால் செய்து காட்டும் கிளாஸில் மொழியின் பாரம் பாதியாகக் குறைந்துவிடும்.

கம்பெனி விஷயத்தை வெளியே சொல்லலாமா?

இந்தப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு இது நிஜமான பயம். பல ஆலைகளில் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். எனவே லைன் போட்டோ, டிராயிங், பார்ட் நம்பர், உற்பத்திக் கணக்கு, கம்பெனியின் பிஎல்சி புரோகிராம் எதுவும் கிளாஸில் வரக் கூடாது. மேனேஜரிடமும் எச்ஆரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அனுமதி கேட்கும்போது அந்த பிரேக்டவுன் ஷீட்டையே இணைத்து அனுப்பலாம். கடையில் கிடைக்கும் சென்சாரும் மீட்டரும் வைத்து எடுக்கும் கிளாஸ், இதில் கம்பெனி ரகசியம் ஏதுமில்லை என்று அவர்களும் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்வார்கள். சம்பவம் சொல்ல வேண்டிய இடத்தில், 'ஒரு ஆலையில்' என்று மட்டும் சொன்னால் போதும்.

கிளாஸ் முடிந்த பிறகு?

நான்காவது படியை மாநாடுகளில் யாரும் செய்வதில்லை. மொமென்டோவோடு கதை முடிந்துவிடுகிறது. வந்தவர்கள் விருப்பப்பட்டால் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேரட்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த முறையில் யாராவது கோளாறு கண்டுபிடித்தீர்களா?'

பதில் வராமலும் போகலாம். அப்படியென்றால் ஷீட்டில் எங்கோ ஓட்டை, அடுத்த கிளாஸில் அடைக்க வேண்டும். "கனெக்டர்தான் லூஸ் அண்ணா, நாங்களே பார்த்துட்டோம்" என்று ஒருவர் எழுதினாலும் போதும், அந்த கிளாஸ் வேலை செய்திருக்கிறது. அன்று கிடைத்த கைதட்டலை வைத்து இதைச் சொல்ல முடியாது.

எங்கே ஆரம்பிப்பது?

நேரடியாகப் பெரிய மாநாட்டில் தொடங்க வேண்டியதில்லை. உங்கள் ஷாப்பில் ஷிப்ட் மாறும்போது கிடைக்கும் 10 நிமிடம் ஒரு தொடக்கம். அடுத்து, கம்பெனியின் குவாலிட்டி சர்க்கிள் அணி. நீங்கள் படித்த ஐடிஐ அல்லது பாலிடெக்னிக்கில் முன்னாள் மாணவராகப் போய்க் கேட்டால் ஒரு மதியம் கிடைக்கும். மென்பொருள் பக்கம் இருப்பவர்களுக்கு, வாலாஜாபாத்துக்குப் பக்கத்திலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் தமிழிலேயே பேசிப் பழகும் இடம். அங்கெல்லாம் இரண்டு மூன்று முறை எடுத்த பிறகு மாநாட்டுக்கு விண்ணப்பியுங்கள். அப்போது உங்கள் கையில் ஸ்லைடு குறைவாக இருக்கும், திருத்தித் திருத்தித் தேய்ந்த ஒரு ஷீட் இருக்கும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். கடைசியாக உங்களுக்கு ராத்திரியில் வந்த போன் எதற்காக என்று யோசியுங்கள். அந்தப் பையனுக்கு எது தெரிந்திருந்தால் போன் செய்திருக்க மாட்டான்? உங்கள் முதல் கிளாஸின் தலைப்பு அதுதான்.